நெற்றிக்குக் கொடுத்த திருநீறு

"சாமி, நீங்க கொடுத்த திருநீறு வேலை செய்யலை," என்றாள் செங்கமலம்.

உப்பளத்தில் முப்பது வருஷம் வெயிலில் வெந்தவள். மடத்துச் சாமிக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

அவள் மூக்கோரத்தில் அப்பியிருந்த திருநீற்றைச் சாமி ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு புண். ரத்தம் கசிந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். ஆறும், திரும்ப வெடிக்கும். சதையைக் கிள்ளிப் பரிசோதிச்சுட்டு, தோல் புற்றுநோய்ங்கிறாங்க டாக்டரம்மா. சின்னதுதானாம். வெட்டி எடுத்துடலாமாம்."

"இதுல திருநீறு பூசச் சொன்னது யாரு?"

"நீங்கதானே கொடுத்தீங்க?"

"நான் நெற்றிக்குக் கொடுத்தேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

"கத்தி பட்டா பரவுமாம் சாமி. ஊரே சொல்லுது."

"ஊருக்கெல்லாம் மூக்குல புண்ணா?"

சாமி எழுந்தார். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்க சாமி?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்கும் கத்தின்னா பயம். துணைக்கு வாங்கம்மா."

அன்றைக்கே செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

மரத்துப்போகப் போட்ட ஊசிதான் சுருக்கென்றது. அப்புறம் யாரோ தோலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்ததே தவிர, வலியில்லை.

"நிறைய வெட்டுறீங்களாம்மா?"

"பேசாதீங்க. மூக்கு ஆடுது."

அரை மணி நேரம். நாலு தையல்.

"சுத்தியிருந்த நல்ல தோலையும் துளி சேர்த்து எடுத்திருக்கேன். ஓரத்துல ஏதும் தங்கலைன்னு ரிப்போர்ட் வந்துட்டா, கவலையில்லை."

வெளியே பெஞ்சில் சாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி. கண்ணைத் திறங்க."

பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஓரமெல்லாம் சுத்தம். முழுசாக எடுத்தாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை, மூக்கில் எதையும் பூசாமல், ஊர் பார்க்கட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்து மடத்துக்குப் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் உப்பு லாரி ஓட்டும் வேலாண்டி. சாமியிடம் காது மடலில் இருந்த புண்ணைக் காட்டினான்.

"ஆறு மாசமா ஆறலை சாமி. திருநீறு கொடுங்க."

சாமி தட்டைக் கீழே வைத்தார். செங்கமலத்தைப் பார்த்தார்.

அவள் வேலாண்டியின் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே இழுத்தாள்.

"நாளைக்கு ஏழேகால் பஸ்ஸுக்கு வந்துடு தம்பி. நானும் வர்றேன்."