ஊட்ட வேண்டாம் என்று சொன்னவர்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

சீடர் பெயர் சவரிராயன். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் கட்டுக் கட்டி, ஊசி போட்டு, பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வந்தவருக்குச் சும்மா இருக்கக் கையும் காலும் விடவில்லை. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு மறுபடியும் சோறு அள்ளவும், பித்தான் மாட்டவும், தலை சீவவும் பழக்கிக் கொடுக்கிற மையம் ஒன்று பக்கத்து டவுனில் இருந்தது. அதை நடத்திய கோமதியிடம் போய், "எனக்கும் இந்த வேலையக் கத்துக்குடுங்க டீச்சரம்மா" என்று நின்றார்.

மகள் வயசுப் பொண்ணை டீச்சரம்மா என்கிறாரே என்று அவர் வீட்டில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோமதி அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒன்று கேட்டால் சில நாள் பதில் வரும், சில நாள் வராது. வேலையை மட்டும் காட்டிக் கொடுப்பார்.

அந்த வருஷம் மையத்துக்கு ஐந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று வந்தது. ஐந்து நாட்டிலும் ஒரே படிவம். கை விழுந்த ஆள் தானே சாப்பிடுகிறாரா, தானே குளிக்கிறாரா, தானே துணி உடுத்துகிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். வீடு வீடாகப் போய்ப் பழக்கி, மார்க் போட்டுக் கொண்டுவர வேண்டும். சவரிராயனுக்குப் புளியங்குளம் கிடைத்தது.

அங்கேதான் பேச்சியம்மாள் இருந்தாள். அறுபத்திரண்டு வயது. வலது கை தோளிலிருந்து துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் தடவை சவரிராயன் போனபோது மத்தியானம். மருமகள் மாரிச்செல்வி ரசஞ்சோறு பிசைந்து மாமியாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறங்க அத்த."

"உப்பே இல்ல."

"உங்களுக்கு என்னைக்குத்தான் உப்பு இருந்துருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற சவரிராயன் சிரிக்கவில்லை. உள்ளே வந்து யார் என்ன என்று சொல்லிவிட்டு, மாரிச்செல்வியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏம்மா, ஊட்டுறத இன்னையோட நிறுத்திரணும். நீ ஊட்டுற வரைக்கும் அந்தக் கை எந்திரிக்காது."

அவள் பயந்துபோய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு உருண்டைய மட்டும் குடுத்துறட்டுமா சார்? பெசஞ்சுட்டேன்."

"கூடாது. இப்பவே பழகட்டும்."

மறுநாளே ஒரு கரண்டியின் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொண்டுவந்தார். விரல் மடங்காதவர்களும் பிடித்துக்கொள்ளலாம்.

"கரண்டில அள்ளித் திங்க நான் என்ன கலெக்டரா தம்பி?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆமாக்கா. இன்னைலருந்து நீங்கதான் கலெக்டர். தூக்குங்க பாப்போம்."

நாற்பது நாள் விடாமல் போனார். சிந்தினாள், அழுதாள், கரண்டியை வீசினாள். அவர் விடவில்லை. நாற்பதாம் நாள் ஒரு பருக்கை கீழே விழாமல் அவளே சாப்பிட்டு முடித்தாள். படிவத்தில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் போட்டுவிட்டு சவரிராயன் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஆறு மாசம் கழித்து ஐந்து நாட்டுக்காரர்களும் கம்ப்யூட்டர் திரையில் கூடினார்கள். ஐந்து நாட்டிலும் நல்ல முன்னேற்றம் பேச்சியம்மாளுக்குத்தான் என்றார்கள். கைதட்டினார்கள். சவரிராயன் எழுந்து நின்று கும்பிட்டார்.

திரையின் ஓரத்துக் கட்டத்தில் கென்யாவிலிருந்து ஒரு பெண். பெயர் அகின்யி. அவருக்கும் ஒரு கை விளங்காது. கை விளங்காதவர்களைப் பற்றி ஆராய்கிற இடத்தில் அவர்களும் உட்கார வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ கேட்டார். கோமதி அதைத் தமிழில் சொன்னார்.

"அந்த அம்மா சாப்பிடும்போது பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேக்காங்க."

"அவங்கதான் தானாச் சாப்பிடுதாங்களே. பக்கத்துல ஆள் எதுக்கு?"

கோமதி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். இரண்டு மூன்று கட்டங்களில் சிரித்தார்கள். அகின்யி சிரிக்கவில்லை.

திரை அணைந்ததும் சவரிராயன் கேட்டார்.

"படிவத்துல அப்படி ஒரு கேள்வியே இல்லையே டீச்சரம்மா. அவங்க ஏன் அதக் கேட்டாங்க?"

கோமதி நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார்.

மையத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் உட்காருவார்கள். சவரிராயன் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருந்தால் கோமதி கேட்காமலே கையை நீட்டி எடுப்பார். கோமதி வீட்டு மாவடுவில் பாதி அவருக்குத்தான் போகும். மறுநாள் கோமதி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏதோ போன் பேசப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சவரிராயன் தனியாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாளும் மாடிக்கதவு சாத்தியிருந்தது. சவரிராயன் பாதிச் சோற்றை மூடி வைத்தார். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தார். கருவாட்டுக் குழம்புதான். நாலு வாய் உள்ளே போனது. மிச்சத்தைக் கொல்லையில் நாய்க்குக் கொட்டிவிட்டு வந்தார்.

நாலாம் நாள் காலையில் கோமதி முன்னால் போய் நின்றார்.

"எம்மேல எதும் கோவமா டீச்சரம்மா?"

"இல்லண்ணே."

"பெறகு ஏன் தனியாப் போறீங்க? மூணு நாளா எனக்குச் சோறே எறங்கல."

கோமதி அவருடைய வலது கையைப் பார்த்தார்.

"ஏன், கை நல்லாத்தான இருக்கு?"

சவரிராயன் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். புளியங்குளத்துக்குப் பஸ் எப்போதாவதுதான். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் போய்ச் சேர முடிந்தது.

பேச்சியம்மாள் வீட்டில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது.

"யாரு, கரண்டித் தம்பியா? வாங்க. கை நல்லாருக்கு, பாருங்க."

கரண்டியைப் பிடித்து வாய் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். கை நடுங்கவே இல்லை.

"நீங்க ஏங்க்கா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? மருமக எங்க?"

"திருப்பூருக்குப் போயாச்சு, மகனும் அவளும். பனியன் கம்பெனி வேல."

"எப்ப?"

"கை சரியானதும்."

குறையாகச் சொல்லவில்லை. மழை எப்போது பெய்தது என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவ கட்டிட்டு வந்து ஏழு வருசம் தம்பி. ஏழு வருசமும் நானும் அவளும் மொகம் பாத்துப் பேசுனதில்ல. கொடத்த எடுத்தா சண்ட, வெளக்குமாத்த எடுத்தா சண்ட. கை விழுந்த பெறகு வேற நாதியில்லாம ஊட்ட வந்தா. மொத நாளு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் ஊட்டுனா. மூக்குல எல்லாம் சோறு. பெறகு பெறகு, சூடு போதுமா அத்தன்னு கேக்க ஆரம்பிச்சா. சின்னதுலயே அம்மாவத் தூக்கிக் குடுத்தவளாம். ஏழு வருசம் எனக்கு அது தெரியாது. வாயில சோத்த வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன்."

சவரிராயன் தரையில் உட்கார்ந்தார்.

"பெறகு நீங்க வந்தீங்க."

அவள் கரண்டியைத் தரையில் வைத்தாள்.

"தட்ட வச்சிட்டு அந்தாக்குல வெளிய போயிருவா. பக்கத்துல இருந்தா ஊட்டத் தோணும்லா, சார் ஏசுவாருன்னு பயம். தனியாத் திங்கத் திங்க எனக்கும் அவளுக்கும் பேச்சில்ல. பேச்சில்லன்னா பெறகு சண்டதான. அவளயும் குத்தஞ் சொல்ல முடியாது."

"நீங்க எங்கிட்டச் சொல்லிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்ல, எனக்குக் கை வேண்டாம்னா? ஒரு நாளு கரண்டியக் கீழ போட்டேன். ஞாவகம் இருக்கா?"

இருந்தது. முப்பத்தைந்தாம் நாளோ என்னவோ. நன்றாக வந்துகொண்டிருந்த கை திடீரென்று வரவில்லை என்றாள். "நடிக்காதீங்கக்கா" என்று அவர் பட்டாளத்துக் குரலில் அதட்டியிருந்தார்.

"நடிச்சேந்தான்" என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பரக் குடுங்க. நானே பேசி அந்தப் புள்ளைய வரச் சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவீய? கை வரலன்னா?" அவள் சிரித்தாள். "அதான் வந்துருச்சே தம்பி."

போன் கையிலேயே இருந்தது. 

பேச்சியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ரசம் வச்சு சோறு வடிச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

ஆராய்ச்சி வேலைக்குப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது மையத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி. அதோடு அவள் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

"இருக்கட்டும்க்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அப்படியா. சரி, எனக்கும் இப்பப் பசிக்கல. பெறகு பாத்துக்கிடுதேன்."

சட்டியை மறுபடியும் மூடினாள்.

மையத்துக்கு வந்து சேர்ந்த சவரிராயன் பேச்சியம்மாள் சொன்னதை ஒன்றுவிடாமல் கோமதியிடம் சொன்னார். சொல்லச் சொல்ல இந்த வயசிலும் கண்ணீர் நிற்கவில்லை. 

"அந்தக் கென்யாக்காரம்மா கேட்ட கேள்விய அஞ்சு நாட்டுப் படிவத்துலயும் சேக்கச் சொல்லுங்க டீச்சரம்மா."

"எழுதுறேன்."

"திருப்பூருக்குப் போய் அந்தப் புள்ளகிட்ட நானே பேசுதேன். தப்பு எம்மேலன்னு சொல்லுதேன். அவ வரலாம், வராமலும் போகலாம்."

"போயிட்டு வாங்க."

"வேற என்ன செய்யணும்? என்னமும் செய்யுதேன். சொல்லுங்க."



"இன்னைக்கு நீங்க போகும்போது மணி என்னண்ணே?"

"ஒன்னு, ஒன்னேகால் இருக்கும்."

"சோறு ஆக்கியிருந்தாங்களா?"

"ஆக்கிருந்தாங்க. சாப்பிடச் சொன்னாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். அவங்களும் சட்டிய மூடிட்டாங்க."