பேதி மருந்தைப் பங்கு வைத்த கதை

இலுப்பங்குளத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் அழகுவேல், அடுத்தவன் தில்லைவனம், கடைசி நல்லசிவம். வீட்டுக்கு எது வந்தாலும் மூன்று சமபங்கு. வாழைப்பழம் ஒன்று வந்தால் மூன்று துண்டு. அழகுவேலை ஒருமுறை நாய் கடித்தபோது, தம்பிகள் இருவரும் அந்த நாயைத் தேடிப் பிடித்து ஆளுக்கொரு காலை நீட்டினார்கள். நாய்தான் மறுத்துவிட்டது.

சில மாதமாக அழகுவேலுக்கு வயிறு உப்பிக் கிடந்தது. தட்டினால் மத்தளச் சத்தம் வந்தது. மேலக்காட்டுப் பெரியகறுப்பனுக்கு மூன்று பெண்கள். மூன்றையும் இந்த மூவருக்கே கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆனால் மூத்த மாப்பிள்ளையின் வயிற்றைப் பார்த்ததும் அவர் பின்வாங்கினார்.

"வெள்ளிக்கிழமை ஆளோட வர்றேன். வயிறு இறங்கியிருந்தா தாம்பூலம் மாத்துவோம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தில்லைவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு வயது முப்பத்தொன்பது. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிக்கு ஆகாது. அண்ணன் வயிற்றுக்குள் தன் கல்யாணமும் மாட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. சில சமயம் அண்ணன் வயிற்றில் காது வைத்து, நாதஸ்வரம் கேட்கிறதா என்றும் பார்த்தான்.

கடைசியில் ஆயுர்வேத வைத்தியர் சாரங்கபாணியிடம் போனான்.

"உள்ளே சேர்ந்த கசடை வெளியேத்தணும்" என்றார் வைத்தியர். "செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்ச்சு, போர்வையை மூடி, வேர்க்க வேர்க்க ஆவி பிடிக்கட்டும். புதன்கிழமை விடிஞ்சதும் வெறும் வயித்துல இந்தப் பேதி லேகியம். எட்டுத் தடவை போகணும். எட்டு ஆனதும் மோர்ச்சோறு சாப்பிட்டா நின்னுடும்."

செவ்வாய்க்கிழமை மூவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். ஒரே போர்வைக்குள் மூவரும் நுழைந்தார்கள். அதற்குமேல் உள்ளே இடமில்லாததால், வெந்நீர்ப் பானையை வெளியே வைத்தார்கள். சித்திரை மாத வெயில். வேர்த்துக் கொட்டியது.

"என்ன அருமையான வைத்தியம்!" என்றான் நல்லசிவம்.

புதன்கிழமை லேகியம் மூன்று பங்காயிற்று. அதில் தகராறில்லை. எட்டை மூன்றாகப் பிரிப்பதில்தான் சிக்கல்.

"ஆளுக்கு மூணுன்னா ஒன்பது ஆயிடும். வைத்தியர் எட்டுன்னாரே" என்றான் அழகுவேல்.

"அப்போ யாராவது ஒருத்தருக்கு மட்டும் ரெண்டுதான். நான் சின்னவன், எனக்குக் கொறைக்காதீங்க" என்றான் நல்லசிவம்.

"சரிடா, நான் ரெண்டோட நிறுத்திக்கறேன்" என்று தில்லைவனம் விட்டுக்கொடுத்தான். கல்யாணத்துக்காக எதையும் தியாகம் செய்ய அவன் தயாராக இருந்தான்.

எண்ணும் வேலையும் அவனுடையதே. தடவைக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தான். வைத்த பிறகு, சரியாகத்தான் வைத்தோமா என்று மனம் அரித்தது.

"டேய் நல்லசிவம், பாதியில எழுந்து, மறுபடி உட்கார்ந்தியே. அது ஒண்ணா, ரெண்டா?"

"எழுந்தேன். ஆனா நிமிரலை."

"நிமிராம எழுந்தா அது எழுந்ததா?" என்று அழகுவேல் கேட்டான்.

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டதால் நல்லசிவம் ஓடினான்.

உச்சிவேளையில் தில்லைவனம் கொட்டைகளை எண்ணினான். தனக்கு இரண்டு, தம்பிக்கு ஆறு. ஆக எட்டு. அழகுவேல் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"என் பங்கு மூணையும் இவனே போயிட்டான்!" என்று அழகுவேல் கண் கலங்கினான். "கூடப் பொறந்தவன் செய்யற வேலையா இது?"

"வேணும்னு போனேனா? தானா வந்துச்சுண்ணே!"

எட்டு ஆகிவிட்டதால் மோர்ச்சோறு பிசைந்தார்கள். அழகுவேல் துக்கம் தாளாமல் நான்கு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டான். வயிறு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் கேட்ட வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "வயிறு யாருக்கு உப்பியிருக்கோ அவன்தான்யா சாப்பிடணும்! அவன்தான் எட்டும் போகணும்!" என்று புது லேகியம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அழகுவேல் முன்னால் லேகியத்தை வைத்தார்கள். அவன் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"தம்பிங்களை விட்டுட்டு நான் மட்டும் தின்னா தொண்டையில இறங்குமா? உங்க பங்கு அப்படியே இருக்கட்டும்."

தில்லைவனம் காலில் விழுந்து கெஞ்சினான். பாசம் அசைந்து கொடுக்கவில்லை. தின்றவரைக்கும் மூன்று தடவை ஆயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. வயிறு பாதி இறங்கி, பாதியில் யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியகறுப்பன் நான்கு உறவினர்களோடு தாம்பூலத் தட்டுடன் வந்து இறங்கினார்.

"மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு இறங்கிடுச்சா?"

பொய் சொல்லலாமா என்று தில்லைவனம் யோசித்தான். பொய்யையும் மூன்று பேருக்குப் பங்கு வைக்க நேரமில்லை.

"எட்டுல மூணுதான் ஆச்சு மாமா. அஞ்சு பாக்கி" என்றான்.

பெரியகறுப்பன் தட்டைக் கீழே வைத்தார். மீசையைத் தடவினார். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நாம எத்தனை பேருய்யா வந்திருக்கோம்?"

"உங்களோட சேத்து அஞ்சு, மச்சான்."

"அப்புறம் என்ன? சம்பந்தம்னு ஆனப்புறம் கஷ்டத்துல கைகொடுக்காம வேடிக்கையா பாக்கறது? எங்கய்யா அந்த மருந்து?"

ஐந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டி, மிச்ச லேகியத்தை வழித்துத் தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கொல்லைக்காடு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. முகூர்த்த நாளைப் புதருக்குப் புதர் கூவித்தான் குறித்தார்கள். ஐந்தாவது புளியங்கொட்டையை வைத்ததும் தில்லைவனம் ஆனந்தத்தில் அழுதுவிட்டான்.

அப்போது கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து பெரியகறுப்பன் சத்தம் கொடுத்தார்.

"மாப்ளே! என் பங்கு முடிஞ்சுபோச்சு, ஆனா இன்னொண்ணு வருதே! என்ன பண்ண?"

"கூச்சப்படாதீங்க மாமா!" என்று தில்லைவனம் திரும்பக் கத்தினான். "அதைச் சீர்வரிசையில சேத்துக்கறோம்!"