பத்தாவது குப்பி

காளானிலிருந்து கண்மருந்து தேடும் ஆய்வுக்கூடம் அது. அங்கே பொற்கொடி குரு, வேதமுத்து சீடர். குருவுக்கு நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு, வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவர். தலை நரைத்தால் புத்தி வந்துவிடுமா என்ன?

அன்று காலை குரு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"வடிச்சு வெச்சது பத்துக் குப்பி. ஒன்பதுதான் இருக்கு."

சீடரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"எஸ்தருக்கு, மேடம்."

எஸ்தர் அவர் மனைவி. இடது கண்ணில் வைரஸ் மூன்றாம் முறையாக வந்திருந்தது. முற்றவிட்டால் கண்ணில் பூ விழுந்துவிடும், பிறகு பார்வை இல்லை என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"டாக்டர் கொடுத்த மருந்து என்ன ஆச்சு?"

"எரியுதுன்னு பாதி வேளை விட்டுடறா."

"அதைப் போடவைக்கத் துப்பில்லை. இதை எடுத்துப் பையில போட மட்டும் தைரியம் வந்துதாக்கும்."

"சோதனைத் தட்டுல வைரஸை வளர்த்துப் பார்த்தோமே மேடம். காளான் சாறு பட்ட இடத்துல வைரஸ் பெருகவே இல்லை. நீங்களே கைதட்டினீங்க."

"தட்டுக்குக் கைதட்டினேன்."

குரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க."

"மேடம்?"

"ஒரு சொட்டு. சீக்கிரம், கழுத்து வலிக்குது."

சீடர் குப்பியைத் திறந்தார். அவள் கண்ணுக்கு மேலே கொண்டுபோனார். சொட்டு விடவில்லை. மூடிவிட்டார்.

"வேண்டாம் மேடம். என்ன ஆகும்னு தெரியாதே."

"என் கண்ணுக்கு என்ன ஆகும்னு தெரியாது. எஸ்தர் கண்ணுக்கு மட்டும் தெரியுமா?"

சீடர் எழுந்து போய்க் குப்பியை அதன் குழியில் வைத்தார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்போ தெரியும் மேடம்?"

"வருஷமாகும். தெரியாமலே போனாலும் போகும்."

"தினமும் கேட்கிறா, உங்க காளான் மருந்து எப்ப வரும்னு. காத்திருந்து காத்திருந்து அவளுக்குக் கண்ணே பூத்துப்போச்சு."

குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"காத்திருந்து பூத்த கண்ணு பார்க்கும், வேதமுத்து சார். பூ விழுந்த கண்ணுதான் பார்க்காது. மணி பதினொண்ணு, மருந்து வேளை. வீட்டுக்குப் போய் டாக்டர் மருந்தைப் போட்டுட்டு வாங்க."