பாதி வழியில் திரும்பிய முயல்

மலையடிக் காட்டில் துடியான் என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு வாய் கொஞ்சம் நீளம். "பாறை இடுக்கு வழியாகவே நடந்து, கடைசியில் இருக்கும் அருவியைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன்!" என்று காடு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுக் கிளம்பியது. கூடவே கீரி செவ்வந்தியும் குண்டு முள்ளம்பன்றி பூதப்பனும் நடந்தன.

இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவே கால் நனையும் அளவுக்கு ஓடை. பாதி தூரம் போனதும் கீரி சட்டென்று நின்றது.

"துடியா, தண்ணியப் பாரு! இப்பத்தான் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள செம்மண்ணா வருதே! மேல நல்ல மழை. வெள்ளம் வரப்போகுது!"

"மழையாவது மண்ணாவது! வெயில் மண்டையப் பிளக்குது!"

"வெயில் நம்ம தலைக்கு மேலதான். மலை உச்சியப் பாரு, கருகருன்னு கிடக்கு!"

துடியானும் உச்சியைப் பார்த்தது; கீரி சொன்னது சரிதான். ஆனால் திரும்பிப் போனால், தம்பட்டத்தைக் கேட்ட குரங்குகள் காலமெல்லாம் கேலி செய்யுமே! "வெள்ளம் வந்தா பாறைமேல தாவிக்கலாம், வாங்க!" என்றது.

"நீ தாவிடுவ, என்னை யாரு தூக்குவா?" என்று கேட்டது பூதப்பன். "உன் மானம் போனா நாளைக்கு வந்துடும். என் உசிரு போனா வருமா?"

முயல் பூதப்பனின் குட்டைக் கால்களைப் பார்த்தது. மனசு சுருக்கென்றது.

"குரங்குங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்! வர்ற வழியில ஆடுங்க ஏறுற தடம் இருந்துச்சே, அதுல ஏறிடலாம். ஓடுங்க!"

ஏறுவது என்ன லேசா? பூதப்பன் பாதியில் வழுக்கியது. பின்னாலிருந்து தள்ளலாமென்றால் உடம்பெல்லாம் முள்! கீரி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்தது. மேலேயிருந்து முயல், கொடி ஒன்றைப் பூதப்பனின் வாயில் கொடுத்து, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்தது. ஒருவழியாகப் பூதப்பன் மேட்டில் வந்து பொத்தென்று விழுந்தது.

அடுத்த நொடி தடதடவென்று வெள்ளம்! சற்று முன் மூன்றும் நின்ற இடத்தில் பெரிய பெரிய மரங்கள் உருண்டு போயின. துடியான் பூதப்பனைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, என் வீம்பால உன்னைக் கொன்னிருப்பேனே!" என்று அழுதேவிட்டது.

"அதான் திரும்பிட்டியே, ராசா!" என்று பூதப்பன் அதைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தது.

"வேண்டாம்டா சாமி! வெள்ளத்துல தப்பிச்சேன், உன் முள்ளுல சாகவா? தள்ளி நின்னே சந்தோஷப்படு!"

மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. பிறகு மேட்டு வழியாகவே வீட்டுக்கு நடந்தன.

கூட வருபவர்களின் உயிரைவிட நாம் போட்ட திட்டம் பெரிதல்ல. வானம் மாறினால் வழியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.