உவர்மண் மிதித்த செங்கமலத்தம்மையார்

புன்னைக்கோட்டகத்து ஆடவல்லார் கோயில் நந்தவனத்தில் களை பறித்து, நீர் இறைத்து, தினமும் ஒரு மாலை கட்டிச் சார்த்துவதே செங்கமலத்தம்மையாருக்குத் தொண்டு. கூலி என்று பார்த்தால் ஒரு பட்டைச் சோறு. அம்மையாரோ மகாராணி போலப் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவார். குரல் கொஞ்சம் கரகரப்புத்தான். ஆண்டவன் பொறுத்துக்கொண்டார்.

கடலோர ஊர் அது. மழை பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யாமல், பெய்தபோது ஒரே நாளில் கொட்டி மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. ஊரார் போட்டி போட்டு ஆழ்குழாய் இறக்கி நல்ல தண்ணீரை உறிஞ்சித் தீர்க்க, அந்த இடத்துக்குக் கடல்நீர் உள்ளே வந்தது. போதாக்குறைக்குச் சுற்றிலும் இறால் குட்டைகள். நந்தவனத்தில் உப்புப் பூத்தது, மல்லிகை கருகியது. அம்மையார் அழுதார், அழுதுகொண்டே மண்வெட்டியையும் எடுத்தார்.

தருமகர்த்தா சிங்காரவேலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "திருவாதிரைக்கு இந்த மண்ணுல வெளஞ்ச பூவுல ஒரு மாலை கொண்டா. இல்லேன்னா எடத்தை இறால் குட்டைக்கு விட்டுடுவோம். உப்புல பூ பூக்க வைக்க நீ என்ன சித்தரா?"

"பூக்கும்யா," என்று சிரித்தார் அம்மையார்.

வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தார். பிறகு உப்புக்கு அஞ்சாத தக்கைப்பூண்டை விதைத்தார். திருவாதிரைக்குச் சரியாக அது மஞ்சள் பூ எடுத்தது. பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி மிதித்தால்தான் அது சேற்றில் மக்கி மண் தேறும். தேங்கிய நீரோ வற்றிக்கொண்டிருந்தது. அதனால் அன்று விடியலிலேயே இறங்கினார். மாலைக்கென்று ஓரத்தில் ஒரே ஒரு வரிசையை விட்டுவைத்தார்.

ஆடவல்லாரைப் பாடத் தொடங்கினால் அம்மையாருக்குத் தலைகால் புரியாது. பாட்டுக்குக் கால் ஆடிற்று. காலுக்கு மேலும் பாட்டு வந்தது. உச்சிப் பூசை மணி கேட்டபோதுதான் நினைவு திரும்பியது. பார்த்தால், விட்டுவைத்த வரிசையையும் சேர்த்து மிதித்துத் தீர்த்திருந்தார்!

வெறுங்கையோடு சந்நிதியில் போய் நின்றார்.

"மாலை எங்க?" என்றார் சிங்காரவேலர்.

"மிதிச்சுப்புட்டேங்கய்யா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சாமி கழுத்துக்குப் போறதை மிதிச்சியா? நல்லாருக்கு உன் பக்தி. நாளைக்கே குட்டை வெட்ட ஆள் வருது," என்றார் தருமகர்த்தா.

அம்மையாருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் சொன்னார்: "எடம் அவருது. அவரு பாத்துக்குவாரு."

குருக்கள் திரையை விலக்கினார். ஆடவல்லாரின் திருவடியில் கணுக்கால் வரை ஈரச் சேறு. சேற்றில் ஒட்டிய மஞ்சள் தக்கைப்பூக்கள். ஊன்றிய காலில் மட்டுமா? தூக்கிய காலிலும் சேறு.

குருக்கள் பதறித் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அதைக் கண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்த சிங்காரவேலர் தலையைத் தூக்கி, "கழுவாதீங்க சாமி, அதுதான் இன்னைக்கு மாலை. குட்டையாவது ஒண்ணாவது!" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அம்மையாரோ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

எந்நாளும் ஒரு காலைத் தூக்கியே நிற்கும் பெருமான், செங்கமலத்தம்மையாரோடு ஆடுவதற்கு அந்தக் காலையும் ஊன்றினார். அம்மையார் அடி போற்றி.