உப்புத் தண்ணீரில் அடைத்த மூக்கு

நன்றாக இருக்கும் மூக்கை அடைக்க வைப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று மதுரையில் இருந்தது. சிரிக்காதீர்கள். மூக்கடைப்புக்குப் புது மருந்து சோதிக்கிறவர்கள் முதலில் அடைப்பை வரவழைத்தாக வேண்டுமே! அங்கே அதற்கு இரண்டு பெண்கள் போட்டி போட்டார்கள். யாருடைய முறை நன்றாக அடைக்கிறதோ அவளே ஆய்வுக்குத் தலைவி.

செந்தாமரை அங்கே வெகுநாளாக இருப்பவள். குளிர்காற்றை மூக்கில் ஊதுவது அவள் முறை. புதிதாக வந்த ஜெனிட்டாவோ, வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் பூச்சிகளின் சாற்றைத் தெளிப்பாள். அவள் பேசப் பேச, ஆய்வை நடத்தும் பேராசிரியர் தலையாட்டுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் செந்தாமரைக்கு வயிறு எரியும்.

சோதனைக்கு வந்தவன் குமரகுரு. "வீட்ல பாய உதறுனாலே எனக்கு மூக்கு அடைச்சிக்கும் மேடம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தான். குழாய் பொருத்திய முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் வாயை மூடி மூக்கால் மூச்சை இழுத்தால் குழாயிலுள்ள அளவு காட்டும் முள் நகரும். முள் குறைவாக நகர்ந்தால் மூக்கு அதிகமாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

செந்தாமரை ஊதிய அன்று மூக்கு லேசாகத்தான் அடைத்தது. மறுநாள் ஜெனிட்டாவின் முறை. செந்தாமரைக்குப் பொறுக்கவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து ஜெனிட்டாவின் சீசாவிலிருந்த சாற்றைக் கொட்டிவிட்டு, உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தாள். இனி அடைக்கட்டும், பார்ப்போம்!

தெளிப்பதற்கு முன் அளந்தபோது மூக்கு தாராளமாகத் திறந்திருந்தது. வேடிக்கையைக் கிட்டே இருந்து பார்க்கவேண்டுமென்று செந்தாமரை குமரகுருவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். ஏசி குளிர் வேறு. வீட்டுப் பரணில் கிடந்த பழைய கம்பளிச் சால்வையை அன்றுதான் கொண்டுவந்திருந்தாள். அதை நன்றாக உதறிப் போர்த்திக்கொண்டாள். ஜெனிட்டா தெளித்தாள்.

கொஞ்ச நேரத்தில் குமரகுரு அடுக்கடுக்காகத் தும்மினான். மூச்சை இழுத்துப் பார்த்தான். முள் நகரவே இல்லை.

"அப்புறம் என்ன, ஜெனிட்டாதான் தலைவி" என்றார் பேராசிரியர்.

செந்தாமரை துள்ளி எழுந்தாள். தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "சார், அது வெறும் உப்புத் தண்ணி! நான்தான் மாத்தி வச்சேன். தண்ணிக்கே அடைக்குதுன்னா இவ சாறு எதுக்கு? எல்லாம் ஏமாத்து வேலை சார்!"

சீசாவைச் சோதித்தார்கள். உப்புத் தண்ணீரேதான். ஜெனிட்டாவின் கண் கலங்கிவிட்டது. பேராசிரியர் செந்தாமரையை ஏற இறங்கப் பார்த்தார்.

இவ்வளவும் கேட்டீர்களே, சொல்லுங்கள்: உப்புத் தண்ணீருக்கு மூக்கு அடைக்காது. பிறகு எது அடைத்தது? தலைமை யாருக்குச் சேரவேண்டும்?

விடை: அடைத்தது செந்தாமரையின் சால்வை. பரணில் கிடந்த கம்பளியில் ஜெனிட்டா சொன்ன அதே பூச்சிகள் பெருகிக் கிடந்தன. உதறியதும் அந்தத் தூசி நேரே குமரகுருவின் மூக்கில் ஏறிவிட்டது. ஒரு சொட்டுச் சாறு இல்லாமலே ஜெனிட்டா சொன்னது உண்மையென்று ஆயிற்று. அதை நிரூபித்துக் கொடுத்தவள் செந்தாமரையேதான். தலைமை ஜெனிட்டாவுக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்: "அக்கா, அந்தச் சால்வைய மட்டும் குடுத்துட்டுப் போங்க. நாளைக்குச் சோதனைக்கு வேணும்."