கரைக்குப் போன ரொட்டி

கிரேக்கக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே குன்றின் மேல் ஒரு கன்னியர் மடம். மக்ரீனா அதன் தலைவி. அவளுடைய சிஷ்யை எவ்தோக்கியாவோ வயதில் குருவுக்கு அம்மா மாதிரி. கணவன் இறந்த பிறகு மடத்துக்கு வந்தவள். உலகத்தை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லுவாள். மகன் யக்கோவி படகில் போகும் நாட்களில் மட்டும் உலகம் அவளை விடாது.

அன்று மத்தியானம் திடீரென்று வடகாற்று கிளம்பியது. மற்ற படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. யக்கோவியின் படகைக் காணோம்.

 எவ்தோக்கியாவின் ஜெபம் பாதியில் நின்றது. எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். மக்ரீனா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“தாயே, நான் கரைக்குப் போகட்டுமா?”

“போங்கள். அதற்கு முன்னால் இந்த மாவைத் தட்டுங்கள்.”

“இப்போதா? கை நடுங்குகிறது.”

“நடுங்குகிற கை போதும்.”

“மாவு இன்னும் பொங்கவே இல்லையே.”

“அதனால்தான் தட்டச் சொல்கிறேன்.”

பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று எவ்தோக்கியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மாவைத் தட்டில் வைத்து விரல்களால் அழுத்தினாள். வெங்காயமும் தக்காளியும் அரிந்து பரப்பி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, விறகடுப்புக்குள் தள்ளினாள். கண் ஜன்னலிலேயே இருந்தது. கடல் வெறுமையாகக் கிடந்தது.

“இந்த ரொட்டியை முதலில் சுட்டவள் யார் தெரியுமா?” என்றாள் மக்ரீனா.

“இப்போது அதுவா முக்கியம்?”

“ஒரு மீனவன் மனைவி. அன்றும் இதே காற்று, அவனைக் காணோம். மாவு பொங்கும்வரை அவளால் உட்கார முடியவில்லை. அப்படியே தட்டி, வீட்டில் கிடந்த வெங்காயத்தைப் போட்டுச் சுட்டு எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.”

எவ்தோக்கியா சட்டென்று திரும்பினாள்.

“அவன் வந்தானா?”

மக்ரீனா ரொட்டியை வெளியே எடுத்து, துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள்.

“அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அன்று அவளோடு கரையில் நின்றவர்கள் யாரும் பசியோடு வீடு திரும்பவில்லை. அதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.”

 வாசல்வரை போன எவ்தோக்கியா திரும்பி வந்து, ரொட்டியை வெட்டக் கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.